பூங்குழலியின் துடுப்பு

கள்ளக்குறிச்சியில் நமது தோழர்கள் நடத்தி வரும் வாசகர் வட்டத்தில் சென்ற மாதம் ஒரு தகராறு கிளம்பியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை வட்டத்தில் படிக்கலாமா, கூடாதா என்பதே தகராறு. கேட்டவர்கள் வேறு யாருமல்ல. மாணவர் விடுதிகளிலிருந்தும் ஜவுளிக் கடைகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து உட்காரும் இளம் பெண்கள்தான்.

மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ராஜா ராணிக் கதை படிப்பதற்கு நமக்கு ஒரு வட்டம் எதற்கு? அதற்குத்தான் சினிமாக் கொட்டகை இருக்கிறதே!" என்றார். அவருக்கு அருகில் இருந்த ஆசிரியத் தோழர், "கதையைக் கண்டு பயப்படுகிற இயக்கமா நம்முடையது?" என்று திருப்பிக் கேட்டார். இருவரும் பேசிக் கொண்டே போக, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "எனக்குப் பூங்குழலியைத்தான் தோழர் பிடிக்கும். ஆனா கடைசியில அவளை ராணியாக்கினது எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வாக்கியம். இலக்கிய விமரிசனம் என்ற பெயரில் நாம் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறோம்.

முதலில் மூத்த தோழரின் கோபத்திலுள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் தொடங்கிய அந்தத் தொடர்கதை 1954-ம் ஆண்டு வரை வாரம் தவறாமல் வெளிவந்தது. ஐந்து பாகங்கள். தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பங்களில் அதை அறியாத வீடு அபூர்வம். 1999-ல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு அது இன்னும் மலிவாகக் கைக்குக் கை மாறியது. 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகத் திரைப்படமாகவும் வந்து, முதலாளிகளுக்கு நல்ல அறுவடையைக் கொடுத்தது. இத்தனை செல்வாக்குள்ள ஒரு கதை, சோழ மன்னர் காலத்தைப் பொற்காலம் என்று லட்சோப லட்சம் மனங்களில் பதிய வைத்திருக்கிறது என்பதை யார் மறுக்க முடியும்? கோயில் கோபுரத்தைக் காட்டுகிறவர்கள் கல் சுமந்த தோளைக் காட்டுவதில்லை. ஏரியைக் காட்டுகிறவர்கள் மண் வெட்டிய கையைக் காட்டுவதில்லை. அந்தக் கோபம் நமக்கும் உண்டு.

ஆனால் கோபம் ஒன்று, புத்தகத்தை மூடி வைப்பது இன்னொன்று. காரல் மார்க்ஸ் வால்டர் ஸ்காட்டின் சரித்திர நாவல்களையும் அலெக்ஸாந்தர் தூமாவின் சாகசக் கதைகளையும் விரும்பிப் படித்தவர் என்பதை அவர் குடும்பத்தாரே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்காட்டும் தூமாவும்தான் கல்கிக்கும் ஆசான்கள். 1888-ல் மார்கரெட் ஹார்க்னெஸ் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் பால்ஸாக்கைப் பற்றிச் சொன்னதை நமது தோழர்கள் பலமுறை மேடையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பால்ஸாக் அரச பக்தர். அழிந்துகொண்டிருந்த பிரபு வர்க்கத்தின் மேல்தான் அவருக்கு அனுதாபம். ஆயினும் அவருடைய பேனா, கண்ணால் கண்டதை எழுதும்போது, அவருடைய சொந்த அனுதாபத்துக்கு விரோதமாகவே போயிற்று என்பதே ஏங்கெல்ஸின் கருத்து. பிரெஞ்சுக்காரருக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை நம் ஊர்க்காரருக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

கல்கி காங்கிரஸ்காரர். ராஜாஜியின் அத்யந்த சீடர். மன்னர் குலத்தின் மேல் அவருக்கிருந்த மோகம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. இருந்தும் அவர் பேனாவிலிருந்து ஒரு பூங்குழலி பிறந்தாள். எப்படிப் பிறந்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் காவலர் தியாக விடங்கரின் மகள் அவள். கடலோரத்துக் குடும்பம். முதல் பாகத்தில் அரண்மனை, ஆலோசனை மண்டபம், சதிக்கூட்டம் என்று சுற்றி வந்த கதை, இரண்டாம் பாகம் தொடங்கும்போது உப்புக் காற்றுக்கு வருகிறது. அங்கே படகில் தனியாக இருக்கிறாள் இந்தப் பெண். வாணர் குலத்து வீரன் வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடி, புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். வாள் இருக்கிறது, வேல் இருக்கிறது, இளவரசி குந்தவை கொடுத்த ஓலை இருக்கிறது. காலுக்குக் கீழே மண் இல்லை! கரையேற்றுகிறவள் பூங்குழலி. எந்தச் சேறு ஆளை விழுங்கும், எந்தச் சேறு தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் எந்தக் குருகுலத்திலும் கற்கவில்லை. அந்த மண்ணில் நடந்து கற்றாள்.

பிறகு பழுவேட்டரையர் ஆட்கள் அவனைத் தேடி வருகிறார்கள். காட்டுக்குள் மறைந்து கிடக்கும் மண்டபத்தில் அவனை ஒளித்து வைக்கிறாள். இரவோடு இரவாகப் படகில் ஏற்றி ஈழத்துக்குக் கொண்டுபோகிறாள். நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை அறிந்து, காற்றின் போக்கைப் பார்த்து வேகம் அறிந்து, நடுக்கடலில் துடுப்புப் போடுகிறாள். படகில் உட்கார்ந்திருக்கும் வீரனோ சும்மா வாய் பேசிக் கொண்டிருக்கிறான். கல்கி இதைச் சிரிப்பாக எழுதுகிறார். ஆனால் சிரித்து முடித்த பிறகு வாசகனுக்கு ஓர் உண்மை புலப்படாமல் போகாது. சோழ சாம்ராஜ்யத்தின் தலைவிதி அந்த நேரத்தில் எவர் கையில் இருந்தது? துடுப்புப் பிடித்துக் காய்ப்பேறிய ஒரு பெண்ணின் கையில்.

ஈழத்தில் இளவரசன் அருள்மொழிவர்மனைச் சிறைப்படுத்தக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியைக் கொண்டு சேர்க்கிறவளும் அவள்தான். புயலில் இளவரசனும் வந்தியத்தேவனும் கடலில் தத்தளிக்கும்போது படகோடு வந்து தூக்கிப் போடுகிறவளும் அவள்தான். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கும் இளவரசனைச் சேந்தன் அமுதனோடு சேர்ந்து கால்வாய் வழியாக நாகைப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தில் கொண்டு சேர்க்கிறவளும் அவள்தான். இந்த மூன்றில் ஒன்றை அவள் செய்யாதிருந்தால், தஞ்சைப் பெரிய கோயில் கட்டுவதற்குக் கதைப்படி ஆளே இல்லை! இளவரசன் அவளுக்கு 'சமுத்திர குமாரி' என்று பட்டம் கொடுக்கிறான். பட்டம் கொடுப்பது அரசர்களுக்குச் சுலபமான காரியம்.

அந்த நாவலில் மற்றப் பெண்களுக்கு அறிவில்லையா என்று சிலர் கேட்கலாம். நிரம்ப உண்டு. குந்தவையின் ராஜதந்திரம் அமைச்சர்களை வென்றுவிடும். நந்தினியின் சூழ்ச்சி படைகளைக் கலைத்துவிடும். ஆனால் குந்தவை ஓர் ஓலை எழுதினால் அதை எடுத்துக்கொண்டு ஓட ஒருவன் வேண்டும். நந்தினி ஒரு விரல் அசைத்தால் அதை நிறைவேற்ற ஒரு கூட்டம் வேண்டும். பிறர் உழைப்பின் மேல் ஏறி நின்று காட்டும் சாமர்த்தியம் அது. பூங்குழலிக்கோ ஆள் இல்லை, அம்பு இல்லை. தன் கை, தன் கண், தன் படகு. வழி தெரியாதவனுக்கு வழி காட்டுகிறாள்; நீந்த முடியாதவனைக் கரை சேர்க்கிறாள். அதனால்தான் கடைக்குப் போய் நாள் முழுதும் நின்றுவிட்டு வருகிற பெண்ணுக்கு, குந்தவையைக் கண்டால் மரியாதையும் பூங்குழலியைக் கண்டால் சொந்தமும் தோன்றுகிறது.

இவ்வளவு தூரம் கல்கியோடு நமக்குச் சண்டை இல்லை. கடைசிப் பாகத்தில்தான் வருகிறது வினை.

பூங்குழலியின் மனத்தில் இளவரசன் இருக்கிறான். அது நடக்காது என்று அவளுக்கே தெரியும். அவள் அத்தை மந்தாகினியின் கதையை அவள் அறிவாள். அரச குலத்தான் ஒருவன் தீவிலே ஓர் ஊமைப் பெண்ணைக் காதலித்தான். நாட்டுக்குத் திரும்பிய பிறகு கை விட்டான். அவள் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து குதித்தாள். நிலப்பிரபுத்துவத்தின் காதல் இலக்கணம் இதுதான். இதைக் கல்கி மூடி மறைக்கவில்லை. நமது பாராட்டு அவருக்கு உண்டு. கொடும்பாளூர் இளவரசி வானதியைப் பூங்குழலி சொல்லால் குத்த, குத்துப்பட்ட வானதி, தான் சிம்மாசனமே ஏறப் போவதில்லை என்று சபதம் செய்யும் இடம் நாவலின் உச்சங்களில் ஒன்று. அரண்மனைக்குள்ளே போய் நின்று ஓர் ஓடக்காரி கேட்ட கேள்விக்கு அரச குலம் சபதம் போட்டுத்தான் பதில் சொல்ல முடிந்தது.

பிறகு அவள் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதனை ஏற்றுக்கொள்கிறாள். அவனும் அவளும் ஒரு வர்க்கம். கதை இங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அமுதன் உண்மையில் கண்டராதித்த சோழரின் மகன் என்று வெளியாகிறது. அவனே உத்தம சோழனாக முடி சூடுகிறான். ஓடக்காரி சோழ நாட்டு மகாராணி ஆகிறாள்!

படிக்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வருகிறது. வரட்டும். ஆனால் இதன் அர்த்தம் என்ன? இத்தனை பெருமைக்குரிய ஒரு பெண்ணை ஓடக்காரியாகவே விட்டுவிட ஆசிரியருக்கு மனம் வரவில்லை. உழைப்பாளிக்குக் கொடுக்கக்கூடிய பெரிய வெகுமதி, அவளை உழைப்பிலிருந்து பிரித்துச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பதுதான் என்று அவர் நினைக்கிறார். அமுதனுக்கும் அதே கதி. பூத்தொடுக்கிறவன் நல்லவனாக இருந்தால் போதாது, அவன் ராஜ ரத்தமாக இருந்தாக வேண்டும். குணம் பிறப்பில் இருக்கிறது என்ற பழைய வருணாசிரமக் கொள்கை பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கல்கி மட்டும் இப்படிச் செய்யவில்லை. ருஷ்ய மகாகவி புஷ்கின் 1836-ல் வெளியிட்ட 'காப்டன் மகள்' என்ற சரித்திர நாவலில் புகச்சோவின் மாபெரும் விவசாயிகள் எழுச்சி வருகிறது. அதிலே மாஷா என்ற அமைதியான சின்னப் பெண், காதலனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றத் தலைநகருக்குப் புறப்பட்டுப் போகிறாள். எவ்வளவு துணிச்சல்! ஆனால் அந்தத் துணிச்சல் எங்கே போய் முடிகிறது? மகாராணி கேதரீனின் கருணையில். வரலாற்று நாவலின் பழைய நோய் இது. பாதை முழுவதும் பெண் தன் காலால் நடப்பாள். கடைசி அடியை மட்டும் சிம்மாசனம் எடுத்து வைக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கல்கி நேசித்த ராஜாஜி 1952 முதல் 1954 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தார். அந்தத் தொடர்கதை வெளிவந்துகொண்டிருந்த 1953-ல்தான் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் காறி உமிழ்ந்த அந்தக் கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில். பத்திரிகைப் பக்கத்தில் படகுக்காரர் மகள் ராணியாகலாம். நாட்டிலே படகுக்காரர் மகள் படகுக்காரியாகவே இருக்க வேண்டும்! மக்கள் எதிர்ப்பில் அந்தத் திட்டமும் போயிற்று, ராஜாஜியின் பதவியும் போயிற்று. கற்பனையில் தாராளமும் காரியத்தில் கஞ்சத்தனமும் காட்டுவது முதலாளித்துவத்தின் சுபாவம்.

இப்போது கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வருவோம்.

கதையில் வரும் கிழவர் திருக்கோவலூர் மலையமானை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேரன் ஆதித்த கரிகாலனுக்காகத் தள்ளாத வயதிலும் படை திரட்டுகிறவர். அந்தத் திருக்கோவலூர், 2019-ல் உண்டான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெயரிலேயே மலை இருக்கிறது. ஆனால் கதையில் மலையமான் வருகிறாரே தவிர, மலை வருவதில்லை. மேற்கே நீலமாக நிற்கும் கல்வராயன் மலைக்கு ஐந்து பாகத்தில் ஓர் அத்தியாயம் கிடைக்கவில்லை.

சரி, அது பழங்கதை. தொடர்கதை வெளிவந்துகொண்டிருந்த 1950-களில் அந்த மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பட்டப் பெயர்களுடன் மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்! விஜயநகரத்து மன்னர் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொண்டு, மலையாளி எனப்படும் பழங்குடி மக்களிடம் வரியும் வாங்கினார்கள், கூலி கொடாத வேலையும் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் போனான், குடியரசு வந்தது, முதல் பொதுத் தேர்தலும் முடிந்தது. மலைமேல் ஜாகீர் மட்டும் அசையவில்லை. 1976-ல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தென்னாற்காடு ஜில்லாவின் சமவெளி ஊர்களில் படித்த வீடுகளின் திண்ணைகளில் 'கல்கி' பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய குறுநில மன்னர்களின் கதையை நெஞ்சு படபடக்கப் படித்தார்கள். தலையைத் தூக்கி மேற்கே பார்த்திருந்தால் உயிரோடு மூன்று குறுநில மன்னர்கள்! சரித்திர நாவல் எழுத ஓலைச் சுவடியையும் கல்வெட்டையும் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. மலைப்பாதையில் ஒருநாள் நடந்திருந்தால் போதும். சாமையும் தினையும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து, அடிவாரத்துச் சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு, உப்பு வாங்கிக்கொண்டு திரும்பி ஏறிய பெண்கள் அந்தப் பாதையில் இருந்தார்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடை திடீரென்று பெருகும் என்று அவர்களுக்கும் தெரியும். பூங்குழலிக்குச் சேறு தெரிந்தது போல.

மலையைப் பற்றிச் சர்க்காருக்கு எப்போது நினைவு வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை ஹைக்கோர்ட்டு தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கெடுத்தது. சாலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்ற விவரங்கள் ஏதோ புதிய கண்டுபிடிப்பு போல ஏடுகளில் வந்தன. (கல்கி இளமையில் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்கு உழைத்தவர். அந்தக் கல்கி இன்று இருந்திருந்தால் கருணாபுரத்துக்குப் போயிருப்பார் என்றே நாம் நம்புகிறோம். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் போகவில்லை.)

திருக்கோவலூர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் தாய், மலையமான் குலத்துப் பெண், கணவன் சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மாறாத குழந்தையை விட்டுப் பிரிந்து தீயில் இறங்கினாள் என்று அது புகழ்கிறது. நல்ல தமிழ், உருக்கமான செய்யுள். பாடியவன் கவிஞன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குழந்தை பாலுக்கு அழுததா என்று கல்வெட்டு கேட்கவில்லை. அவள் விரும்பித்தான் இறங்கினாளா என்றும் கேட்கவில்லை. இந்த மாவட்டத்தில் கல்லில் வெட்டிப் புகழப்பட்ட பெண் அவள். காரணம், அவள் செத்த விதம்.

இந்தக் கல்வெட்டையும் பூங்குழலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி மூத்த தோழரைக் கேட்டுக்கொள்கிறோம். ஒருத்தி கணவனுக்காகத் தீயில் இறங்குகிறாள். ஒருத்தி மூழ்குகிறவர்களுக்காகக் கடலில் இறங்கிக் கரையேறுகிறாள். ஒருத்தியை மன்னர் காலம் உண்டாக்கியது. மற்றவளை, என்னதான் குறை இருந்தாலும், பெண்கள் சிறைக்குப் போன ஒரு விடுதலைப் போராட்டத்தைக் கண்ட காலம் உண்டாக்கியது. கல்கியும் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர். உப்புச் சத்தியாக்கிரகத்திலும் கள்ளுக்கடை மறியலிலும் பெண்கள் வீதியில் நின்றதைத் தம் கண்ணால் பார்த்தவர். அந்தக் கண்தான் பூங்குழலியை எழுதியது. காங்கிரஸ் மனம்தான் அவளுக்குக் கிரீடம் செய்தது.

பூங்குழலி இளவரசனைக் கொண்டு சேர்த்த நாகைப்பட்டினத்தின் சுற்றுவட்டாரத்திலேயே, தொடர்கதை வெளிவந்த அதே ஆண்டுகளில், ரத்தமும் சதையுமாக ஒருத்தி இருந்தாள் என்பதை நமது வாசகர்களுக்கு நினைவுபடுத்த வேண்டுமா? மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கலியாணமாகி, இளம் வயதில் விதவையானவர். மூலையில் உட்கார வைத்தார்கள், எழுந்து வந்துவிட்டார். தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் கற்று, சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் ஆளான பண்ணையாட்களைச் செங்கொடியின் கீழ் திரட்டினார். மிராசுதார்களின் அடியாட்களுக்கு நடுவே தனியாக நடந்து போனார். 1953-ல் ஒரு மான் முட்டியதால் மாண்டார். எந்தத் தொடர்கதை ஆசிரியரும் எழுதத் துணியாத முடிவு அது! பின்னாளில் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலில் அவரை எழுதினார். மணியம்மையை யாரும் ராணியாக்கவில்லை. ஆக்கியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

காவிரிப் பக்கம் வேண்டாம், நம் மலைப்பக்கமே வருவோம். கல்வராயன் மலைக்கு அண்டையில் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் அரூருக்கு அருகே வாச்சாத்தி. அங்கே வாழ்கிறவர்களும் கல்வராயன் மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தன மரம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து நடத்திய வெறியாட்டத்தைத் திரும்ப விவரிக்க மனம் கூசுகிறது. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். பிறகு அவர்களையே கைதிகளாக்கிச் சிறையிலும் தள்ளினார்கள்.

செங்கொடி இயக்கத்துத் தோழர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் ஊருக்குள் போய் உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த தோழர் அ. நல்லசிவன் வழக்கைக் கோர்ட்டுக்கு எடுத்துச் சென்றார். அதெல்லாம் சரிதான், ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றவர்கள் அந்தப் பெண்கள். காக்கி உடையில் வரிசையாக நின்றவர்களின் முகத்தைப் பார்த்து, "இவன்தான்" என்று விரலை நீட்டியவர்கள் அந்தப் பெண்கள். மிரட்டிப் பார்த்தார்கள், ஆசை காட்டிப் பார்த்தார்கள், காலத்தை இழுத்துப் பார்த்தார்கள். 19 வருஷம். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் அதே செப்டம்பர் 29-ம் தேதி ஹைக்கோர்ட்டும் தீர்ப்பை உறுதி செய்தது.

காட்டைப் பற்றித் தெரிந்தவர்கள், சட்டத்தைப் பற்றித் தெரியாதவர்கள்; எழுத்தறிவு கொஞ்சம், பணம் இல்லை. எதிரே ஒரு சர்க்கார். புதைசேறு என்றால் இதுதான் புதைசேறு. அதைக் கடந்து வந்தவர்களுக்குக் கதை எழுதிக் கிரீடம் வைக்க யாரும் தேவைப்படவில்லை. அவர்கள் கேட்டது நியாயம், நஷ்டஈடு, வேலை.

ஆகவே வாசகர் வட்டத்தில் 'பொன்னியின் செல்வன்' படிக்கத்தான் வேண்டும் என்பது நமது முடிவான அபிப்பிராயம். பயந்துகொண்டு ஒதுக்கி வைத்தால், அந்தப் புத்தகம் வேறு இடத்தில் படிக்கப்படும். சாதிப் பெருமை பேசுகிறவர்களும் மன்னர் புகழ் பாடுகிறவர்களும் அதைப் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் படிக்கும்போது பூங்குழலியின் படகைத் தாண்டிச் சட்டென்று பட்டாபிஷேகத்துக்குப் போய்விடுவார்கள். நாம் படகில் கொஞ்சம் அதிக நேரம் உட்காரலாம். கால்வாய் வழியாக நாகைக்குப் போகிற இடத்தைப் படிக்கும்போது மணலூருக்கும் ஒரு நடை போய் வரலாம். மலையமான் வருகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மலையிலிருந்து வந்திருக்கும் பெண்களைப் பேசச் சொல்லலாம்.

மூத்த தோழர் இந்தக் கருத்தை முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "படியுங்கள், ஆனால் கடைசிப் பாகத்தை நான்தான் நடத்துவேன்" என்றார். அதற்கு வெள்ளிமலைப் பெண், "இல்ல தோழர், கடைசிப் பாகம் நான் நடத்துறேன். நீங்க கேள்வி கேளுங்க" என்றாளாம். பூங்குழலி ராணியாகாமல் கோடிக்கரைக்கே திரும்பியிருந்தால் மிச்சக் கதை எப்படிப் போயிருக்கும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படியும் அவள் மற்றவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறாள். வட்டம் வழக்கமாக மாலை 5 மணிக்குக் கூடும். மலைக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைப் பெண்கள் தவறவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த கூட்டத்தை மதியம் 2 மணிக்கே தொடங்குவதென்று தீர்மானம் ஆகியிருக்கிறது.